பைன் காட்டுக்கு நூறு படம், புல்வெளிக்கு?

கொடைக்கானல் போய் வந்தவர்களின் கேமராவைப் பாருங்கள். பாதி பைன் காடு, மீதி பனிமூட்டம். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பைன் அந்த மலையின் மரமே இல்லை. பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்று வெளிநாட்டு மரங்களை நட்டு நட்டுத்தான் பழனி மலையின் புல்வெளி சுருங்கிப்போனது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடையாக விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும்தான். 2006, 2018 என்று 12 வருடத்துக்கொருமுறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். பூவுக்கு ஓடிய கூட்டம் அது முளைத்த மண்ணைப் பார்த்ததா? தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. அங்கே எத்தனை கேமரா போனது?

அடுத்த குறிஞ்சி 2030-ல். அதற்குள் மிச்சமிருக்கும் புல்வெளியை, கல்திட்டையை, மழையிலும் கோடையிலும் படமெடுத்து வையுங்கள் நண்பர்களே. நாளைக்கு அழிந்துபோனால், இருந்தது என்று சொல்ல சாட்சியாவது வேண்டாமா?