கடலும் போரும் அழித்த டச்சு கிராமம்: மருத்துவ உலகம் பெட்டனை நம்பியிருப்பது ஏன்?

2022 ஜனவரி. நெதர்லாந்தின் கடலோர கிராமம் ஒன்றில், அணு உலையின் குழாயில் தண்ணீர்க் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. உலையைத் திட்டமிட்டபடி மீண்டும் இயக்க முடியவில்லை. அவ்வளவுதான், மருத்துவமனைகள் ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் ஐசோடோப்புகளுக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்துவிட்டது.

அந்தக் கிராமத்தின் பெயர் பெட்டன். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, வட கடலை ஒட்டியிருக்கிறது. மேப்பில் நன்றாக ஜூம் செய்தால்தான் கண்ணில் படும்.

கடல் விழுங்கிய ஊர்

1421 நவம்பரில் நெதர்லாந்தைப் புரட்டிப்போட்ட செயின்ட் எலிசபெத் வெள்ளம் பெட்டனையும் விட்டுவைக்கவில்லை. மணல்மேடுகள் உடைந்து, ஊர் அழிந்தது. மக்கள் திரும்ப வந்து வீடு கட்டினார்கள். பின்வந்த நூற்றாண்டுகளிலும் கரை அரிக்க அரிக்க, ஊர் நிலத்தின் உட்பக்கமாக நகர்ந்தது.

மணல்மேடு போன இடத்தில் மனிதர்கள் எழுப்பியதுதான் ஹோண்ட்ஸ்போஸ் தடுப்புக் கரை. நீளம் சுமார் 5.5 கிலோமீட்டர். அதற்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு கரை, அதற்கும் பின்னால் மூன்றாவது. டச்சுக்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர்கள் அருமை: முதல் கரை ‘விழித்திருப்பவன்’, இரண்டாவது ‘தூங்குபவன்’, மூன்றாவது ‘கனவு காண்பவன்’. முன்னால் இருப்பவன் தோற்றால்தான் பின்னால் இருப்பவனுக்கு வேலை.

ஊரை அழித்தது கடல் மட்டும் இல்லை. 1943-ல் நாஜி ஜெர்மனி, நேச நாடுகளின் படை கடல் வழியாக இறங்குவதைத் தடுக்க ‘அட்லான்டிக் சுவர்’ கட்டியது. அதற்கு இடைஞ்சல் என்று மக்களை வெளியேற்றி, பெட்டனை மொத்தமாக இடித்துத் தள்ளியது. இன்று அங்கே பார்க்கும் கிராமம் போருக்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டது.

சுவருக்கு முன்னால் மணல்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு சிக்கல். ஹோண்ட்ஸ்போஸ் கரை இனி போதுமான பலத்தோடு இல்லை என்று அரசின் ஆய்வு சொன்னது. இரு பக்கமும் கடற்கரை பின்வாங்கிவிட, இந்தக் கரை மட்டும் கடலுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அலை நேராக வந்து மோதும்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? சுவரை இன்னும் உயர்த்துவார்கள். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. 2014-15-ல் கடலடியிலிருந்து சுமார் 3.5 கோடி கன மீட்டர் மணலை அள்ளி, கரைக்கு முன்னால் கொட்டினார்கள். புதிய கடற்கரையும் மணல்மேடுகளும் உருவாயின. மணலா கடலைத் தடுக்கும் என்று தோன்றலாம். சரிவான ஆழமற்ற மணலில் அலை தூரத்திலேயே உடைந்து வலுவிழந்துவிடும், விஷயம் அதுதான். ஆனால் மணல் கரையும். அலை அரித்துக்கொண்டு போவதை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் 20 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போட்டார்கள்.

சேமித்து வைக்க முடியாத மருந்து

இதே கரையோரத்தில், ஊருக்குக் கொஞ்சம் வடக்கே மணல்மேடுகளுக்கு நடுவில்தான் அந்த அணு உலை இருக்கிறது. 1961-ல் இயங்கத் தொடங்கிய உலை அது. மின்சாரம் தயாரிப்பது அதன் வேலை இல்லை. ஆராய்ச்சிக்காகக் கட்டியது, இன்று முக்கியமாக மருத்துவ ஐசோடோப்புகளைத் தருகிறது. ஐரோப்பாவின் தேவையில் சுமார் 60% இங்கிருந்து போவதாக உலையை இயக்கும் நிறுவனம் சொல்கிறது.

எலும்பு ஸ்கேன், இதய ஸ்கேன் எடுத்தவர்களுக்கு டெக்னீசியம்-99எம் ஊசி போட்டிருக்கலாம். அது மாலிப்டினம்-99-லிருந்து கிடைக்கிறது. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; டெக்னீசியத்துக்கு அதுவும் இல்லை, வெறும் 6 மணி நேரம். குடோனில் ஸ்டாக் வைக்கிற பொருள் இல்லை இது. உலை நின்றால் சில நாள்களிலேயே மருத்துவமனைக்குத் தெரிந்துவிடும்.

2008 ஆகஸ்டில் குளிரூட்டும் அமைப்பில் வாயுக் குமிழிகள் தெரிந்ததால் உலை பல மாதம் நின்றது. 2010-ல் இன்னும் மோசம்: பெட்டனும், இன்னொரு பெரிய சப்ளையரான கனடாவின் சாக் ரிவர் உலையும் ஒரே நேரத்தில் நின்றன. பிறகு பிரான்ஸின் ஒசிரிஸ் 2015-ல் மூடப்பட்டது, கனடா உலை 2018-ல் நிரந்தரமாக நின்றது. மிச்சம் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய உலைகள் மீதுதான் மொத்தச் சுமையும்.

மாற்று உலைக்கு ‘பல்லாஸ்’ என்று பெயர் வைத்து ரொம்ப வருஷமாகப் பேசினார்கள். தனியார் முதலீட்டாளர்கள் வருவார்கள் என்று டச்சு அரசு எதிர்பார்த்தது, வரவில்லை. கடைசியில் அரசே பணம் போட முடிவெடுத்தது. சுமார் 200 கோடி யூரோ அரசு உதவிக்கு ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் கொடுத்தது 2024-ல். முதல் எச்சரிக்கை மணி அடித்து 16 வருஷம் ஆகியிருந்தது. நோயாளியின் ஸ்கேன் தேதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டதற்கு இந்தத் தாமதம்தான் விலை.

பல்லாஸும் பெட்டனிலேயே, அதே மணல்மேடுகளுக்கு நடுவில்தான் எழுகிறது. அது ஓடத் தொடங்கும் வரை 1961-ன் பழைய உலை நிற்காமல் ஓடியாக வேண்டும்.