ஒட்டுப்போட்ட சட்டையும் கரி பூசிய முகமும்

ஏழையை வரைய வேண்டுமென்றால் கார்ட்டூன்காரர் கை யோசிப்பதே இல்லை. கிழிந்த பனியன், முழங்காலில் ஒரு ஒட்டு, எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. சினிமா காமெடியில் இதோடு கரியும் சேர்ந்துகொள்ளும். 'சிவாஜி' (2007) படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களுக்குக் கருப்புப் பூசி நிறுத்தினார்கள். அங்கே வறுமைகூடத் தேவைப்படவில்லை, நிறமே போதுமாயிருந்தது. (பாரி மகள்களின் பெயர் வேறு!)

சேரிகளில் வேலை செய்யும் நாங்கள் பார்ப்பது வேறு. சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போகிறவர், இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார். இல்லையென்றால் வாசலிலேயே நிற்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் பேசியதும் இதைத்தான்: துணியில் ஒட்டு இருந்தால் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும், தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை விட்டுவிடுங்கள். அவர் கழற்றச் சொன்னதை மேக்கப் அறையில் திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

சாப்ளினும் கிழிசல் போட்டாரே என்பார்கள். ஏழு வயதில் லண்டன் ஏழையர் விடுதிக்குப் போனவர் அவர். அவர் படங்களில் பெரும்பாலும் அவமானப்படுவது போலீஸும் பணக்காரரும். 'காக்கா முட்டை'யில் (2015) நாம் சிரிப்பதும் அந்தப் பையன்களோடு சேர்ந்துதான்.

பள்ளி மாறுவேடப் போட்டிகளில் பிச்சைக்காரர் வேடத்துக்கு இன்றும் பிள்ளைகள் முகத்தில் கரி பூசுகிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் எங்கள் தெருப் பிள்ளைகளும் உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அந்த வேடத்தை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியர்களைப் பார்க்கப் போகிறோம். நீங்களும் உங்கள் ஊர்ப் பள்ளியில் கேளுங்கள்.