கட்டுமுன் ஆதாரம் கேளுங்கள்

"எதுக்கு சார் வம்பு? கட்டித் தொலைச்சிடலாம்." என்னைப் போன்ற பென்ஷன்காரர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. செல்போனில் சலான் வந்ததும் படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. பேரனிடம் கொடுத்துக் கட்டச் சொல்லிவிடுகிறோம். இதை நல்ல குடிமகனின் லட்சணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சலான் என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. மறுத்து, வழக்கு கோர்ட்டுக்குப் போனால், அங்கே நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டியவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 183(3) பிரிவைப் பாருங்கள். 'வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது' என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கருவி காட்டிய அளவு வேண்டும். 2021-ல் வந்த 167ஏ விதி அந்தக் கருவிக்கும் கடிவாளம் போட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ், சாலையில் எச்சரிக்கைப் பலகை, இடம், தேதி, நேரத்தோடு படம், 15 நாளுக்குள் நோட்டீஸ் என்று வரிசையாகச் சொன்னது.

'அப்போ ஹெல்மெட் போடாதவனுக்கு வக்காலத்தா?' என்பீர்கள். இல்லை. தப்பு செய்தவர் கட்டட்டும். எண் பலகையில் 3-ஐ 8 என்று படித்ததற்கு இன்னொருவர் ஏன் கட்ட வேண்டும்?

ஆட்டோ ஓட்டுபவர் ஒரு நாள் கோர்ட்டுக்கு அலைந்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறார். நமக்கு அந்தக் கவலை இல்லை. நேரம் இருக்கிற நாமே கேட்காவிட்டால், வேறு யார் கேட்பார்கள்?