ரஃபேல் விலை: நாடாளுமன்றத்தில் கேட்டால் அமைச்சர் சொல்லியே ஆகணுமா?

'எம்.பி. கேள்வி கேட்டா அமைச்சர் பதில் சொல்லித்தானே ஆகணும்?' எல்லாத்துக்கும் அப்படி இல்லை. ரகசியத் தன்மை கொண்ட விஷயம், கோர்ட்டில் விசாரணையில் இருக்கும் வழக்கு, இந்த ரெண்டைப் பற்றியும் தகவல் கேட்க மக்களவை விதிகளிலேயே தடை இருக்கிறது.

ரஃபேல் விவகாரத்தைப் பாருங்க. 36 போர் விமானங்களுக்கு 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது. அதே நவம்பரில், ஒரு விமானம் சுமார் 670 கோடி ரூபாய் என்று பாதுகாப்புத் துறை இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே மக்களவையில் பதில் அளித்தார். ஆனால் அது ஆயுதங்கள், கூடுதல் கருவிகள், பராமரிப்பு சேராத விலை.

அப்போ முழு விலை எவ்வளவு? 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் இதைக் கேட்டபோது, பிரான்ஸுடனான ஒப்பந்தப்படி சொல்ல முடியாது என்றார் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன்.

விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே விலை விவரம் சீலிட்ட உறையில் கொடுக்கப்பட்டது. 2018 டிசம்பர் 14 அன்று மனுக்கள் தள்ளுபடி. 2019 பிப்ரவரியில் வந்த சிஏஜி அறிக்கையும், பழைய பேரத்தைவிட 2.86% குறைவு என்றதே தவிர, விலையை வெளியிடவில்லை.

ராணுவ ரகசியம் எதிரிக்குத் தெரியக்கூடாது, சரி. ஆனா எது ரகசியம்னு முதல்ல முடிவு செய்றது, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே அரசுதான். சிக்கலே அங்கேதான்!