நம்பும்படியாக இல்லையாம்

'கதை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்த அப்பா பாத்திரம் நம்பும்படியாக இல்லை.'

1994-இல் ஓர் இலக்கியப் பத்திரிகையிலிருந்து எனக்கு வந்த அஞ்சலட்டையில் இருந்தது இவ்வளவுதான். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். பத்திரப்படுத்த வேண்டும் என்று ஆசையில்லை, தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கதை எங்க நைனாவைப் பற்றியது. பல்லாவரம் மலையில் கல்லுடைத்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதே இல்லை. ஆனால் ஒரு பாறையைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். குவித்த ஜல்லியைப் பார்த்து எத்தனை யூனிட் என்பார். பென்சிலும் நோட்டுமாக நிற்கிற கணக்கப்பிள்ளை கூட்டிப் பெருக்கி முடிக்கும்போது நைனா சொன்ன கணக்குதான் வந்து நிற்கும். எனக்கு அவர் ஒரு மேதை. அப்படித்தான் எழுதினேன்.

கொஞ்ச நாள் கழித்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இலக்கியக் கூட்டம். இருபது பேர் இருப்போம். அந்தக் கதையை வாசித்தேன். பேர் பெற்ற எழுத்தாளர் ஒருவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "உங்க அப்பா மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுது. ஆனா கல்லுடைக்கிறவரு ஜீனியஸ்னா எப்படி சார் நம்பறது? அவரோட வலிய எழுதுங்க. உங்ககிட்டேர்ந்து அதைத்தான எதிர்பாக்கறோம்."

வலி எங்களுக்கு ஒதுக்கப்பட்ட துறை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடி வாங்கலாம், பசியில் கிடக்கலாம், மலக்குழியில் செத்துப் போகலாம். நம்புவார்கள். கண்ணீர்கூட விடுவார்கள். யோசித்தால் மட்டும் எதார்த்தம் உடைந்துபோகும்.

தமிழில் 'மேதை' என்றதும் யார் முகம் வருகிறது? கும்பகோணத்து ராமானுஜன். அவர் கதையை நம்பாதவர் யாராவது உண்டா? நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்பதைக்கூட மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள். தெய்வம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அது எதார்த்தம். கல்லுடைக்கிறவன் தானே கணக்குப் போட்டால் மிகைப்படுத்தல்! நம்பகத்தன்மை என்பது பாத்திரத்துக்குள் இருக்கிற குணமல்ல. வாசிக்கிறவன் தலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற சாதியின் ஞாபகம் அது. எந்தத் தெருவில் அறிவு பிறக்கும், எந்தத் தெருவில் பிறக்காது என்ற கணக்கை அவன் கதை படிக்க ஆரம்பிக்கும் முன்பே போட்டு முடித்துவிடுகிறான்.

ராமானுஜனின் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. அவரும் பட்டினி கிடந்தவர்தான், எப்.ஏ. பரீட்சையில் தோற்றவர்தான். நான் கேட்பது வேறு. தாயாரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் வாழ்க்கையைப் பாருங்கள். பதினாறு வயசு வாக்கில் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணமே இல்லாமல் வரிசையாக அடுக்கிய புத்தகம். காகிதம் வாங்கக் காசில்லை; சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் நோட்டில் நிரூபணம் இல்லாமல் விடை மட்டும் இருப்பதற்கு அந்தப் புத்தகமும் காகித விலையும் போதுமான காரணங்கள். கனவு எதற்கு?

இன்னும் பாருங்கள். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். 1913-இல் ஹார்டிக்குக் கடிதம், அதே வருஷம் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் வீட்டுப் படியேற அவரால் முடிந்தது. எங்கள் பாட்டன் அதே காலத்தில் அந்தத் தெருவுக்குள் காலடி வைத்திருக்க முடியாது. அறிவு இரண்டு பக்கமும் இருந்தது. படி ஒரு பக்கம்தான் இருந்தது. இந்தப் படியை மறைப்பதற்குத்தான் தெய்வம் தேவைப்படுகிறது. ஹார்டியே அவரைக் கிழக்கத்திய மர்மமாகப் பார்க்க மறுத்தவர். பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதி அனுப்பியதில் தப்பு இருந்ததையும் ஹார்டி மறைக்கவில்லை. நம் கதைக்காரர்கள் அந்தத் தப்பை எழுதுவதே கிடையாது. மேதை தப்புப் பண்ணினால் தாயாருக்குக் கணக்கு வராது என்றாகிவிடுமே!

இனி நம் பக்கம். மேதைகளே இல்லையா? தாம்பரத்திலிருந்து அதே ரயில் பாதையில் தெற்கே போனால் மதுராந்தகம். அதற்குப் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். 1939-இல் அச்சான தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். மற்றப் பிள்ளைகளோடு பழகினால் சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, வெளியே எங்கேயாவது வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். இந்த ஒரு காட்சிக்கு முன்னால் எந்தக் கனவுக்காட்சியாவது நிற்குமா? மணி அடிக்கும் வரைக்கும் வெளியே உட்கார்ந்து வாசிக்கிற பையன்! இதை வைத்து எத்தனை கதை வந்திருக்கிறது, சொல்லுங்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) இராயப்பேட்டையில் இருந்துகொண்டு 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போட்டு வரலாற்றையே தலைகீழாக வாசித்த மூளை. அவர் எழுத்துகள் தொகுப்பாக வெளிவந்தது 1999-இல், பாளையங்கோட்டையிலிருந்து. செத்து 85 வருஷம் கழித்து! மேதை இல்லாமல் போகவில்லை. அச்சில் இல்லாமல் வைக்கப்பட்டார்.

அறிவைக் கண்ணால் பார்த்தாலும் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பெருமைதான். ஆனால் பேசுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள்? 'ரத்தத்தில் ஊறியது', 'உள்ளுணர்வு'. தெரியாத தேசத்தில், முன்பின் பார்த்திராத புல்வெளியில், தடத்தையும் எச்சத்தையும் வாசித்து இங்கேதான் இருக்கிறது என்று முடிவுக்கு வருவது ஆராய்ச்சி இல்லாமல் என்ன? அவன் வாசித்தால் அறிவு. நாம் வாசித்தால் ரத்தம். பாராட்டுகிற மாதிரியே பறித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் கதையைப் பற்றி நேர்மையாகச் சொல்லாவிட்டால் நான் அயோக்கியன். அந்தக் கதை மோசமான கதைதான். அந்த எழுத்தாளர் சொன்ன காரணத்தால் அல்ல. நான் நைனாவை ராமானுஜன் அச்சிலேயே வார்த்துவிட்டேன். அவர் தட்டுவார், பாறை பிளக்கும். கூலிக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு பெரிய இன்ஜினியர் காரில் வந்திறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டுவார். அந்த இன்ஜினியர் எங்கிருந்து வந்தார்? மேலேயிருக்கிற ஒருத்தன் ஒத்துக்கொண்டால்தான் நம் ஆள் மேதை என்று என் புத்தியில் ஊறியிருந்தது.

தோழர்களே, நாம் எல்லோருமே இதைச் செய்கிறோம். அம்பேத்கர் எத்தனை பட்டம் வாங்கினார், எத்தனை மொழி தெரியும், எத்தனை ஆயிரம் புத்தகம் வைத்திருந்தார் என்று சுவரொட்டியில் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். 1923-இல் வந்த 'ரூபாயின் பிரச்சினை'யில் அவர் என்ன வாதிட்டார் என்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நாணயத்தைப் பற்றி கெயின்ஸ் போன்ற ஆளோடு மோதியிருக்கிறார். அந்த மோதலை, அந்த யோசனை போன வழியை எழுதினால் அவர் மனிதர். பட்டங்களை மட்டும் எண்ணினால் அவரும் ஒரு நாமகிரித் தாயார்தான்.

சரி, நைனாவை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

ஜல்லிக்குக் கூலி குவியலை அளந்து தருவார்கள். வட்டமாகக் கொட்டி மேலே கூராக நிற்கும் குவியல். அடியையும் உயரத்தையும் அளந்து, அதே அடி அதே உயரமுள்ள நேர் உருளையில் நாலில் ஒரு பங்கு என்று காண்டிராக்டர் ஆள் எழுதிக்கொள்வான். நைனாவுக்கு அது இடித்தது. ஒரு காலி எண்ணெய் டப்பாவை எடுத்தார். பொரி கட்டுகிற காகிதத்தைச் சுருட்டுகிற மாதிரி ஒரு தகரத்தைச் சுருட்டி, டப்பாவின் வாயளவுக்கும் உயரத்துக்கும் சரியாக வெட்டினார். அதில் மணலை நிரப்பி டப்பாவில் கொட்டினார். மூணு தடவை. டப்பா விளிம்பு வரைக்கும் நிரம்பிவிட்டது. மறுபடி செய்தார். ஈர மணலில் செய்தார். ஜல்லித் தூளில் செய்தார். மூணுதான். யூக்ளிட் புத்தகத்தின் பன்னிரண்டாம் பகுதியில் இதற்கு நிரூபணம் இருக்கிறது. நைனாவிடம் நிரூபணம் இல்லை, தகரம்தான் இருந்தது. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

மறுநாள் டப்பாவையும் தகரத்தையும் தூக்கிக்கொண்டு போய், "நாலு இல்லீங்க, மூணு" என்று கொட்டிக் காட்டினார். கூலிக்காரர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. காண்டிராக்டர் சொன்னது: "கணக்குப் பாக்கறவனுக்கு இங்க இன்னாயா வேல? நாளையிலேர்ந்து வராத." ஆறு மாசம் வேறு குவாரிக்கு நடந்து போனார். கணக்கு மாறவில்லை.

இன்னொன்று. ஒரு தடவை நைனா தப்பாகச் சொன்னார். முழுக்கல் என்றது வேறு பக்கம் பிளந்து என் மாமாவின் காலில் ரெண்டு விரல் போச்சு. ஒரு மாசம் சம்மட்டியைத் தொடவில்லை. அப்புறம் தனியாக அந்தக் கல்லுக்குத் திரும்பப் போய்ச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே பக்கம் நின்று கேட்டதுதான் தப்பு என்று புரிந்தது. அதற்குப் பிறகு மூணு பக்கமும் தட்டாமல் எந்தக் கல்லைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார். மழை விட்ட காலையில் பாறை காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியாகக் காய்கிற கோட்டில்தான் விரிசல் இருக்குமாம்.

இது எதுவும் என் கதையில் இல்லை. தகரமும் இல்லை, மாமாவின் விரலும் இல்லை. கைதட்டல் மட்டும் இருந்தது. மேதையை நம்ப வைப்பது கைதட்டல் அல்ல. அவன் எதில் மாட்டிக்கொண்டான், என்ன செய்து பார்த்தான், எங்கே தப்பினான், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான். இவ்வளவையும் எழுதின பிறகும் ஒருத்தன் நம்பாவிட்டால் அது எழுத்தின் குறையல்ல, அவனுடைய நோய்.

அந்த மலைக்கல்லுக்கு அறிவியல் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லால் வந்த பெயர். உடைத்தவன் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்கால ஆயுதம் அது. ஒரு கல் எப்படி உடையும் என்று தெரிந்த ஒருவர், ஆணோ பெண்ணோ, அடித்துச் செய்தது. அந்த ஆளின் அறிவை எந்த ஆய்வாளரும் சந்தேகிப்பதில்லை. சாதி தெரியாத காலத்து ஆள் அல்லவா!

குவாரிகளில் பல இன்று தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். நைனாவும் இல்லை. கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். காரில் வந்த இன்ஜினியரை அடித்துவிட்டேன். டப்பாவும் தகரமும் முதல் பக்கத்திலேயே வருகின்றன. நம்புவதும் நம்பாததும் இனி உங்கள் பாடு.