கத்தரிச் செடியின் காவல்



மதுரைப் பக்கத்தில் பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு எழும்பினால் அப்பத்தா கேட்கும் முதல் கேள்வி, "கத்தரிக்கா ஏதும் தின்னியாடா?" என்பதுதான். கத்தரியும் கருவாடும் நம் வீடுகளில் கரப்பான் பண்டம். சித்த மருந்து எடுப்பவருக்குச் சொல்லும் பத்தியத்திலும் கத்தரி விலக்கு. இதைப் பழங்காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஒருவருக்கு அரித்ததற்காக வீட்டில் எல்லோருக்கும் கத்தரியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பாரோடும் இந்த மாதம் கொஞ்சம் பேச வேண்டும்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒய்.பி. வெங்கடேஷும் அவருடைய குழுவினரும் கத்தரி ஒவ்வாமையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். மைசூர் நகரத்தில் 741 பேரை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. கத்தரி ஒத்துக்கொள்ளாதவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 9 சதவீதம். அவர்களில் பெண்கள் அதிகம். ஆனால் உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருந்து, அடுத்த முறை அந்த உணவு வந்ததும் சீறுகிறதே, அந்த வகை ஒவ்வாமை நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கத்தரியில் இயற்கையாகவே ஹிஸ்டமின் உண்டு என்பதால் மற்றவர்களில் சிலருக்கு அதனாலும் அரித்திருக்கலாம். ஆக, அப்பத்தாவின் கேள்வி வெறும் பேச்சு இல்லை. ஊர் முழுக்கக் கத்தரிக்குப் பயப்படவும் காரணம் இல்லை.

சரி, கத்தரிக்குள் இருந்து நம்மைத் தொந்தரவு செய்வது எது? நறுக்கிய கத்தரியை ஏன் தண்ணீரில் போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே வைத்தால் கறுத்துவிடும். காயின் செல்லுக்குள் பீனால் பொருள்கள் ஓர் அறையிலும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டாலும் புழு கடித்தாலும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்று பட்டதும் கறுக்கிறது. அப்போது உண்டாகும் பொருள்கள் புழு தின்னும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அதைச் செரிக்க முடியாததாக ஆக்கிவிடும். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவோடு காலங்காலமாகப் போராடும் செடி வைத்திருக்கும் காவல் இது. மைசூர்க் குழு, கத்தரி ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் போய்ப் பற்றும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது இதே நொதியாக இருந்தது. நாம் அடுப்படியில் தினமும் பார்க்கிற அந்தக் கறுப்புக்கும் ஒருசிலரின் தடிப்புக்கும் பின்னால் ஒரே புரதம் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கத்தரி தனியாக இல்லை. 1970இல் புகையிலைச் செடியை வைரஸ் தாக்கியபோது, அதுவரை இலையில் இல்லாத புரதங்கள் தோன்றுவதை நெதர்லாந்திலும் பிரான்சிலும் கண்டுபிடித்தார்கள். நோய் வந்தால், காயம் பட்டால் செடிகள் சுரக்கும் இத்தகைய தற்காப்புப் புரதங்களைப் பின்னாளில் 17 குடும்பங்களாகப் பிரித்தார்கள். அவற்றுள் பல குடும்பங்களில் மனிதருக்கு ஒவ்வாமை தருபவை இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய, இறுக்கமாக மடிந்த புரதங்கள். சில வகைகள் கொதிக்க வைத்தாலும் இரைப்பையின் அமிலத்தில் கிடந்தாலும் சிதைவதில்லை. பூஞ்சையின் தாக்குதலைத் தாங்க வந்த உறுதி, நம் வயிற்றிலும் அப்படியே நீடிக்கிறது. சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பது இதில் சேராது. அது ஊசி போன்ற படிகங்களின் வேலை. சரியாக வேகாவிட்டால் யாருக்கும் அரிக்கும்.

நமக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டையைக் கீறினால் வடியும் பாலில் ஹெவைன் என்ற சிறு தற்காப்புப் புரதம் இருக்கிறது. பூஞ்சையின் உடற்சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொள்வது அதன் வேலை. 1980களில் எய்ட்ஸ் அச்சத்தால் ரப்பர் கையுறைகளின் பயன்பாடு உலகெங்கும் பெருகியபோது, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒவ்வாமை பெருகியது. அந்த ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்கு வாழைப்பழம் தின்றாலும் வாய் அரித்தது. வாழையிலும் அவகேடோவிலும் உள்ள கைட்டினேஸ் நொதியின் ஒரு பகுதி ஹெவைனைப் போலவே அமைந்திருப்பதுதான் காரணம். சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் பச்சையாகத் தின்னும் பழங்களில் தொல்லை அதிகம். ராமநாதபுரம், சிவகங்கை, தேனி என்று எங்கிருந்தெல்லாமோ அறுவைச் சிகிச்சைக்கு மதுரை வருகிறார்கள். வாழைப்பழம் தின்றால் உதடு வீங்குகிறவர், பலூன் ஊதினால் வாய் தடிக்கிறவர், அதைத் தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரப்பர் பால் கலக்காத கையுறைகள் இருக்கின்றன.

மீண்டும் கத்தரிக்கு வருவோம். மதுரை வேளாண்மைக் கல்லூரி தந்த எம்.டி.யூ.1 கத்தரி, நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்தது. புழுவை எதிர்க்கும் பி.டி. என்ற பாக்டீரிய மரபணுவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சேர்த்த ரகங்களில் அதுவும் ஒன்று. 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜெயராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். புதிதாக நுழையும் புரதம் ஒவ்வாமை தருமா என்று அப்போது பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாட்டுக் கத்தரியின் சொந்தப் புரதங்களைப் பற்றியும் அதே அக்கறையோடு தமிழ்நாட்டில் ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று, சமையல் செய்கிறவர்களுக்கு. எண்ணெய்க் கத்தரிக்காய் தின்று தடித்தால் பழி கத்தரி மேல்தான் விழுகிறது. அந்தக் குழம்பில் வறுத்து அரைத்த நிலக்கடலையும் எள்ளும் இருக்குமே! உலகம் அறிந்த ஒவ்வாமைப் பொருள்களில் இரண்டும் முன்வரிசை. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலத்தில் எள் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம். கத்தரியை விட்டுவிட்டுக் கடலை மிட்டாயைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

அதனால் ஊகத்தில் பத்தியம் வைக்காமல் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்யும் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு நாலைந்து காய்களை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சாப்பிட்டவுடன் தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்; உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று எங்களுக்கு எழுதுங்கள். பச்சையாகத் தின்றதா வேகவைத்துத் தின்றதா, எவ்வளவு நேரத்தில் அரித்தது, கூட என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதே தாளின் ஒரு படியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்