புகை அடங்கினால் நெருப்பு அணைந்ததாகுமா?

பட்டான்செருவில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் தமிழ்த் தொழிலாளிக்கு, காற்று கெட்டால் உடம்பு என்ன ஆகும் என்று எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆலைப் புகையோடு குப்பைப் புகையும் சேர வேண்டுமா என்பதே கேள்வி. காலி மனையில் குப்பை குவிந்தால் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதும், புகை அதிகமானால் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவதும் எல்லா ஊர்களிலும் காணும் பழக்கம். மேலே நெருப்பு அடங்கிவிடுகிறது. அடியில்?

இராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கரிமூட்டம் தெரியும். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். காற்று குறைவாதலால் கொழுந்து விடாமல் நாட்கணக்கில் உள்ளேயே கனலும். இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகள் மக்கி உண்டான சதுப்புநிலக் கரிமண்ணிலும் இதே கதைதான். ஈரம் உள்ளவரை பயமில்லை. நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும்.

இந்தோனேசியாவின் காளிமந்தானில் நெல் பயிரிடுவதற்கென்று 1996-ல் சுமார் 10 லட்சம் ஹெக்டேரில் கால்வாய்கள் வெட்டத் தொடங்கினார்கள். நெல் விளையவில்லை. 1997-ம் ஆண்டு வறட்சியில் நிலம் பற்றி எரிந்ததுதான் மிச்சம். 2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகையால், தமிழர்கள் ஏராளமாக வாழும் மலேசியாவின் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. காய்ந்த கரிமண் தண்ணீரை எளிதில் ஏற்காது. மேலே ஊற்றுவது வழிந்தோடிவிடும். கனலும் ஆழம் வரை நனைய வேண்டும், அல்லது பெருமழை வர வேண்டும்.

பட்டான்செரு மண் சதுப்புநிலக் கரிமண் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் குப்பைமேடு மனிதன் தானே உண்டாக்கிய கரிமண். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2-ந் தேதி பிடித்த தீயை முழுதும் அணைக்க 10 நாட்களுக்கு மேல் ஆயிற்று. இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறி, உள்ளே தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கும் நாட்கணக்கில் புகைந்தது. இதெல்லாம் பெரிய மேடுகள் என்று அலட்சியம் கூடாது. சிறிய மேட்டிலும் சாம்பலுக்கு அடியில் கனல் இருக்கும். ஆறிவிட்டதென்று காலை வைக்கும் குழந்தைக்கு அது தெரியுமா?

திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு நல்லதுதான். ஆனால் குப்பையை அள்ள வண்டியை ஒழுங்காக அனுப்பாமல், தெரு கூட்டுபவரிடமும் ஒற்றை அறைக் குடித்தனக்காரரிடமும் அபராதம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அள்ள வேண்டியது மாநகராட்சியின் கடமை. தன் கழிவைத் தன் மதிலுக்கு வெளியே தள்ளாதிருப்பது ஆலையின் கடமை. தீக்குச்சியைத் தொடாதிருப்பது குடியிருப்போர் கடமை.

மொழி தெரியாத ஊரில் நமக்கேன் வம்பு என்று ஒதுங்குவது தமிழர் பலரின் சுபாவம். புகைக்கு மொழி கிடையாது. தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மனு எழுதத் தெரிந்த குமாஸ்தா அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். தெருவாசிகள் எல்லோரும், தெலுங்கரும் தமிழரும், சேர்ந்து கையெழுத்திடலாம். அடியில் பிடித்த நெருப்பை அணைப்பது பெரும்பாடு. பிடிக்காமல் தடுப்பதற்கு ஒரு குப்பை வண்டி போதும். கோடை வெயில் ஏறுமுன் அதிகாரிகள் ஆவன செய்வார்களா?